உப்புப் பார்க்காமல்

அரிசியை நிரோஷினி மூன்று தண்ணீரில் கழுவுவாள். முதல் தண்ணீரை உடனே ஊற்றிவிட வேண்டும். வைத்திருந்தால் அரிசி தவிட்டு மணத்தைத் திரும்பவும் குடித்துவிடும். இரண்டாவது தண்ணீரில் கையால் அளைய வேண்டும். மூன்றாவது குளிராக இருக்க வேண்டும். குயின் வீதியில் உள்ள ஜப்பானிய உணவகத்தில் பதினொரு வருடங்களாக அவளுக்கு இதுதான் வேலை. ஒரு நாளைக்கு நாற்பது கிலோ.

தை மாதத்திலிருந்து வலது கையில் மூன்று விரல்கள் மரத்துப்போயிருந்தன. தண்ணீர் குளிரா, இளஞ்சூடா என்று அவற்றுக்குத் தெரியவில்லை. அளைந்தபின் இடது கையும் குளிரில் விறைத்திருக்கும், அதனால் சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையை விட்டுப் பார்ப்பாள். மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது என்றார் டொக்டர். வேலையை மாற்றாவிட்டால் மற்றக் கையும் போகும் என்றார். மாற்றுவதற்கு என்ன வேலை இருக்கிறது என்று சொல்லவில்லை.

அதை ஏஞ்சலா சொன்னாள். அவள் உணவகத்தில் மதுவகைகளுக்குப் பொறுப்பு. குருநகர்ப் பெற்றோர், நான்கு வயதில் ரொறன்ரோவுக்கு வந்தவள். சனிக்கிழமைகளில் இரண்டு மணிக்கு ஒரு வகுப்பு நடத்தினாள். நுரைக்கும் சாக்கேயை, ஜப்பானிய அரிசி மதுவை, ஒருநாளும் குடித்திராதவர்களுக்கு அதை அறிமுகம் செய்யும் வகுப்பு. கார்த்திகையில் அவள் வன்கூவருக்குப் போகிறாள். வகுப்புக்கு ஒருவர் வேண்டும். நிற்கலாம், பேசலாம், ஊற்றலாம். கை தண்ணீரில் கிடக்க வேண்டியதில்லை.

“சாக்கே எண்டால் அரிசிதானே அன்ரி. அரிசியைப் பற்றி உங்களை விட ஆருக்குத் தெரியும்?”

நிரோஷினி குடிப்பதில்லை. குடிக்கத் தேவையில்லை, வாயில் வைத்துவிட்டுத் துப்பலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றாள் ஏஞ்சலா. ஆவணியில் இரண்டு நாள் பயிற்சி. முதல் நாள் துப்பியபின் நிரோஷினி பத்துத் தரம் வாய் கொப்பளித்தாள். இரண்டாம் நாள் இரண்டு தரம். ஒரு கொப்பியில் தமிழில் எழுதி வைத்தாள். முதலாவது போத்தல்: முலாம்பழம், இனிப்பு. இரண்டாவது: தயிர், கதலிப்பழம். மூன்றாவது: பச்சை அப்பிள், பேக்கரியில் வரும் சூடான பாண். எழுத்துப் பரீட்சையில், பயிற்சிக்கு வந்த எல்லோரையும் விடக் கூடிய புள்ளி அவளுக்குத்தான்.

மாவில் தோய்த்துத் தெம்புரா பொரிக்கிற றொய்சன் சமையலறை முழுக்கக் கேட்கச் சொன்னார். “பதினொரு வருசம் சாக்குத் தூக்கினவ இனிச் சாக்கே தூக்கப் போறா. ஒரு எழுத்துத்தான் வித்தியாசம்.” அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. தன் பகிடிக்குத் தானே சிரிப்பதில்லை.

முதலாளி மொரிட்டா ஒரு வகுப்பைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வார் என்று ஏற்பாடு. புரட்டாதி முழுக்க அவர் ஊரில் இல்லை. அங்கிருந்தே ஒரு சனிக்கிழமையைக் குறித்து அனுப்பினார். நிரோஷினி வீட்டுக்குப் போய்க் கலண்டரைப் பார்த்தாள். அது கௌரி விரதத்தின் பன்னிரண்டாம் நாள்.

கேதார கௌரி விரதம் இருபத்தொரு நாள். தீபாவளியன்று கோயிலில் காப்புக் கட்டியதும் முடியும். அதுவரை பகலில் ஒன்றும் இல்லை. இரவில் ஒரு நேரம், மரக்கறி. புருஷனின் ஆயுளுக்காக இருபத்திரண்டு வருடங்களாக அவள் அதைப் பிடிக்கிறாள். சமையலறையில் கையில் நூல் கட்டக்கூடாது என்பதால் போன வருடக் காப்பை முழங்கைக்கு மேலே ஏற்றிக் கட்டியிருந்தாள். மஞ்சள் போய்ச் சாம்பல் நிறமாகிவிட்டது.

விரத நாளில் மதுவை வாயில் வைத்துத் துப்புவதும் குடிப்பதும் ஒன்றுதான். அதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

அவள் ஏஞ்சலாவிடம் சொல்லவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் காப்புக் கட்டும் நாளுக்கு லீவு கேட்டபோது, அப்போதிருந்த மனேஜர், உங்களுக்கு மாதம் ஒரு விரதம் வந்துகொண்டிருக்கிறது என்றார். லீவைக் கொடுத்தார். அவள் திரும்பி வந்தபோது யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் இந்த முறை சாக்குச் சொல்கிறவளாக இருக்க அவள் விரும்பவில்லை. நாளை மாற்றச் சொன்னால் மொரிட்டா மாற்றுவாரா, ஆளை மாற்றுவாரா என்றும் தெரியவில்லை.

ஒரே ஒரு இடைஞ்சல்தான் இருந்தது. விருந்தாளிகளுக்கு ஊற்றுவதற்கு முன் வகுப்பு நடத்துபவர் ஒரு மிடறு குடித்துப் பார்க்க வேண்டும். போத்தல் பழுதா என்று நாக்குத்தான் சொல்லும். ஏஞ்சலா இதை மூன்று தரம் சொல்லியிருந்தாள்.

நிரோஷினி யோசித்தாள். படையலுக்குச் சமைக்கும்போது நாக்கில் வைத்து உப்புப் பார்ப்பதில்லை. கைக்கு அளவு தெரியும். பதம் மணத்தில் தெரியும். இருபத்திரண்டு வருடங்களில் ஒருநாளும் உப்புப் பிழைத்ததில்லை.

சனிக்கிழமை மோர்னிங்சைட்டில் பஸ் எடுத்து, கென்னடியில் சப்வே ஏறினாள். முந்தின இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டது. பக்கத்தில் இருந்தவரின் கோப்பி மணம் சுவர் மாதிரி முன்னால் நின்றது. விரத நாட்களில் மூக்கு இப்படித்தான். எல்லாம் இரண்டு மடங்காக மணக்கும்.

ஆறு பேர் வந்திருந்தார்கள். பிக்கரிங்கிலிருந்து ஒரு தம்பதி, அவருக்குப் பிறந்தநாள். ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் மூன்று பெண்கள். தனியாக வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, ஓய்வுபெற்ற ஆசிரியை. நீள மேசையில் வெள்ளைத் துணி. அதன்மேல் உயரமான கிளாஸ்கள் வரிசையாக. எல்லோரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மொரிட்டா யன்னலோரம் ஒரு தனிக் கதிரையில் இருந்தார். எழுபது வயது. கோட்டைக் கழற்றவில்லை. ஏஞ்சலா கதவடியில் நின்றாள்.

நிரோஷினி அரிசியில் தொடங்கினாள். கையில் இரண்டு அரிசி. ஒன்று சமைக்கிற அரிசி. மற்றது சாக்கேக்குத் தீட்டியது, பாதியாகத் தேய்ந்து முத்துப் போல இருந்தது. வெளிப்பக்கத்தில் கொழுப்பும் புரதமும் இருக்கிறது, அதைத் தீட்டி எடுத்தால் வாசனை தெளியும் என்றாள். அவித்த அரிசியில் ஒருவகைப் பூஞ்சணத்தை வளர்க்கிறார்கள். அது மாவை இனிப்பாக்கும். ஈஸ்ற் அந்த இனிப்பைத் தின்று மதுவாக்கும், காற்றும் விடும். வழமையான சாக்கேயில் அந்தக் காற்றைப் போகவிடுகிறார்கள். இதில் பிடித்து வைக்கிறார்கள், அல்லது பிறகு ஏற்றுகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

சின்னக் கிண்ணத்தில் சூடாக்கிக் குடிப்பதல்லவா சாக்கே என்று பிறந்தநாள்காரர் கேட்டார். இதைச் சூடாக்கினால் காற்றுப் போய்விடும், கிண்ணத்தில் ஊற்றினால் நுரை ஏறுவது தெரியாது என்றாள். கண்ணும் குடிக்க வேண்டும் என்றாள். பெண்கள் சிரித்தார்கள். அந்த வரி கொப்பியில் இருந்தது.

முதலாவது போத்தல். காற்றைப் பிறகு ஏற்றியது. இனிப்பு, கடுமை குறைவு, பழக்கமில்லாதவர்கள் தொடங்க நல்லது. தன் கிளாஸில் கொஞ்சம் ஊற்றினாள். மூக்கடிக்குக் கொண்டுபோனாள். முலாம்பழம். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மற்றவர்களுக்கு ஊற்றினாள். ஏஞ்சலா கதவடியிலிருந்து ஒரு அடி முன்னால் வந்தாள்.

இரண்டாவது, கலங்கல். அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. இதற்குள் ஈஸ்ற் இன்னும் உயிரோடு இருக்கிறது, குலுக்கக்கூடாது, குளிரை விட்டு வெளியில் வைக்கக்கூடாது என்றாள். ஒரு தரம் மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தினாள். மூடியைக் கொஞ்சம் திருகினாள். நுரை கழுத்துவரை ஏறியது. உடனே மூடினாள். இறங்கும்வரை நின்றாள். பிறகும் கொஞ்சம் திருகினாள்.

விரலுக்கு மூடியின் இறுக்கம் தெரியவில்லை. காதால் செய்தாள். வீட்டில் அப்பத்துக்குக் கரைத்த மா புளித்துவிட்டதா என்று விடியக் காலையில் மூடியைத் திறந்து காது கொடுத்துக் கேட்பாள். அதே கிசுகிசுப்பு. சத்தம் கூடும்போது மூடினாள், குறையும்போது திறந்தாள். மூன்று பெண்களும் எண்ணத் தொடங்கினார்கள். ஒன்பதாம் தரம் மூடி கையோடு வந்தது. ஒரு துளி சிந்தவில்லை. கைதட்டினார்கள்.

தன் கிளாஸை மணந்தாள். தயிர் இருந்தது. கதலிப்பழம் இருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஒரு மணித்தியாலம் கூடப் புளித்த மா. இருக்கிறதா, இல்லையா என்று தெரியாத அளவுக்கு. திரும்பவும் மணந்தாள். காலையில் கோப்பியே சுவர் மாதிரி மணந்த மூக்கு. அதை நம்பலாமா என்று தெரியவில்லை. ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் தெரிந்துவிடும்.

ஆறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊற்றினாள்.

அவர்களுக்கு அது நன்றாகப் பிடித்தது. ஆசிரியை இரண்டாம் தரம் கேட்டார். பிறந்தநாள்காரர் போத்தலின் படத்தை எடுத்தார். ஏஞ்சலா மொரிட்டாவுக்கு ஒரு கிளாஸ் கொண்டுபோனாள். அவர் ஒரு மிடறு குடித்தார். கிளாஸின் தண்டைப் பிடித்து அரை வட்டம் திருப்பினார். பிறகு அதைத் தொடவில்லை.

மூன்றாவது, தெளிவானது. போத்தலுக்குள்ளேயே இரண்டாம் தரம் புளித்து, மண்டியை எடுத்தது. கம்பி கட்டிய தக்கை. இதை ஊற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது என்றாள். ஜப்பானில் தன் கிளாஸுக்குத் தானே ஊற்றுவதில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு ஊற்ற வேண்டும், அவர் உங்களுக்கு ஊற்றுவார். போத்தல் மேசையைச் சுற்றி வந்தது. கடைசியாக ஆசிரியையின் கைக்கு வந்தது. அவர் எழும்பினார். உங்களுக்கு ஒருவரும் ஊற்றவில்லையே என்று நிரோஷினியின் கிளாஸை நிரப்பினார். நின்றபடி காத்திருந்தார்.

நிரோஷினி கிளாஸைத் தூக்கினாள். உதட்டில் முட்டாமல் பிடித்தாள். பச்சை அப்பிள், சூடான பாண் என்றாள். ஆசிரியை அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் கதிரையில் இருந்தார்.

மூன்றரைக்கு எல்லோரும் போனார்கள். ஏஞ்சலா இரண்டாவது போத்தலில் மிஞ்சியதைக் குடித்துப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

“அன்ரி, நீங்கள் ஒண்டையும் வாயில வைக்கேல்ல.”

“இல்லை.”

“இது பழுது. ரேஸ்ற் பண்ணியிருந்தா தெரிஞ்சிருக்கும்.”

“அவைக்குப் பிடிச்சது தானே.”

“அவை பிகினேர்ஸ். அவைக்கு இதுதான் முதல் தரம். இனிச் சாக்கே எண்டால் இப்பிடித்தான் எண்டு நினைச்சுக்கொண்டு போகப் போயினம்.”

நிரோஷினி கிளாஸ்களை அடுக்கத் தொடங்கினாள். ஏஞ்சலா பிறகு குரலைத் தணித்து, வியாழக்கிழமை எடுத்துவந்த போத்தல் பெட்டியை வெள்ளி மத்தியானம்வரை காரிலேயே மறந்துபோய் விட்டிருந்ததாகச் சொன்னாள். நிலக்கீழ் கராஜ், ஹீற்றர் போட்டிருந்தார்கள். பிழை தன்னுடையதுதான் என்றாள். அதற்காகத்தான் முதலில் குடித்துப் பார்ப்பது என்றும் சொன்னாள்.

மொரிட்டா கூப்பிட்டார். எதிர்க் கதிரையைக் காட்டினார். பேச்சு நன்றாக இருந்தது, மூடி திறந்தது மிக நன்றாக இருந்தது, ஏன் குடிக்கவில்லை என்று கேட்டார். அவள் விரதத்தைச் சொன்னாள். பன்னிரண்டாம் நாள் என்று சொன்னாள். சாமிக்குச் சமைக்கும்போது உப்புப் பார்ப்பதில்லை, அப்படிச் செய்யலாம் என்று நினைத்தேன் என்றாள். அவளுடைய ஆங்கிலத்தில் அது சிறுபிள்ளை சொல்வது போல இருந்தது.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு சொன்னார்.

“வந்தவர்கள் சாமி இல்லை. விருந்தாளிகள்.”

கோபம் இருக்கவில்லை. களைப்பு இருந்தது. நேற்றுத்தான் ஒசாக்காவிலிருந்து வந்தவர். அடுத்த சனிக்கிழமை இன்னொரு தரம் பார்ப்போம் என்றார். முதலில் குடிக்க வேண்டும். முடியாவிட்டால் தன்னுடைய மற்றக் கடையில் ஒருவர் இருக்கிறார், அவரைப் போடுவதுதான். வகுப்பை நிறுத்த முடியாது என்றார்.

அடுத்த சனி பத்தொன்பதாம் நாள்.

பின்கதவால் வெளியே வந்து கணவர் செல்வரட்ணத்துக்குப் போன் எடுத்தாள். அவர் பாடசாலை பஸ் ஓட்டுகிறவர், சனிக்கிழமை வீட்டில் நிற்பார். எப்படிப் போனது என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அவர் பின்னால் ரீவி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

“எனக்காகத்தானே பிடிக்கிறாய். நான் சொல்லுறன், ஒரு மிடறு குடி. எனக்கு ஒண்டும் நடக்காது.”

“உங்களைக் கேட்டே பிடிக்கத் தொடங்கினனான்?”

ஒரு குப்பை லொறி பின்பக்கமாக வந்து நின்றது. அவள் சுவரோடு ஒதுங்கினாள்.

“அப்ப வீட்டில என்ன செய்யிறனீ?” என்றார். “குழம்பை இறக்க முதல் என்னைக் கூப்பிடுவாயே, உப்புப் பாருங்கோ எண்டு. இருபத்திரண்டு வருசமா விரதம் நீ பிடிக்கிறாய், உப்பு நான் பார்க்கிறன். அங்க ஒரு மனிசரும் இல்லையோ?”

“அது வீட்டுச் சாப்பாட்டுக்கு. படையலுக்கு இல்லை.”

“உவையள் என்ன சாமியே?”

ஒரே நாளில் இரண்டு பேர் அதைச் சொல்லிவிட்டார்கள். போனை வைத்துவிட்டு நின்றாள். விரத நாளில் அவள் இரண்டு விதமாகச் சமைக்கிறாள். படையலைப் படைத்து முடிக்கும்வரை ஒருவரும் வாயில் வைப்பதில்லை. வீட்டுக்கு வைப்பதை அவர் பார்த்துச் சொல்வார். சில வேளை புளி காணாது என்பார், அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். இன்று எதற்காக முதலாவது விதத்தை எடுத்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. வெள்ளைத் துணியாக இருக்கலாம். வரிசையாக வைத்த கிளாஸ்களாக இருக்கலாம். காலையிலிருந்து வயிறு வெறுமையாக இருந்தது, அதுவாகவும் இருக்கலாம். இவ்வளவு சின்ன விசயம் புத்தியில் வராத அளவுக்கு அவள் களைத்திருந்தாள்.

உள்ளே போனாள். மொரிட்டா வெளியே போக எழும்பிக்கொண்டிருந்தார். விரத நாளில் வீட்டில் என் கணவர் உப்புப் பார்ப்பார் என்றாள். தீபாவளிவரை எனக்குப் பதிலாக ஒருவர் முதலில் குடித்துப் பார்க்கட்டும். விருந்தாளிகளுக்கு முன்னால், ஒளிக்காமல். ஏன் என்று அவர்களுக்கு நானே சொல்கிறேன். இன்றைய போத்தல் மணத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்தது, கேட்க ஆள் இருக்கவில்லை என்றாள்.

“யார்?”

அவள் அதை யோசித்துக்கொண்டு வரவில்லை. சமையலறை யன்னலுக்கு அப்பால் றொய்சன் எண்ணெய்க்கு முன்னால் நின்றார். எட்டு வருடங்களாகத் தெம்புராவுக்கு உப்புப் போடுகிறவர். ஒரு தட்டும் திரும்பி வந்ததில்லை. அவரைக் காட்டினாள்.

மொரிட்டா யன்னலைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். றொய்சன் அதைக் கண்டு, ஏதும் கருகிவிட்டதா என்று சட்டியைப் பார்த்தார்.

“அடுத்த சனி,” என்றார் மொரிட்டா. “தீபாவளிக்குப் பிறகு நீங்கள்.”

“நான்தான்,” என்றாள்.

அவர் கோட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு போனார். அது சம்மதமா, இன்னொரு பரீட்சையா என்று ஏஞ்சலாவுக்கும் தெரியவில்லை. இரண்டுமாக இருக்கும் என்றாள். போத்தல்களை இந்த முறை தானே நேராகக் குளிரறையில் வைப்பதாகச் சொன்னாள்.

றொய்சனிடம் விசயத்தைச் சொன்னபோது அவர் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“முப்பது வருசம் மாதாவைக் கும்பிட்டதுக்கு இண்டைக்குத்தான் காது கேட்டிருக்கு.”

“குடிக்கிறேல்ல அண்ணை. வாயில வைச்சிட்டுத் துப்ப வேணும்.”

“துப்பவோ? அப்ப வேற ஆளைப் பார்.”

“பழுதெண்டால் பழுதெண்டு சொல்ல வேணும். ஆருக்காகவும் நல்லாயிருக்கு எண்டு சொல்லக்கூடாது.”

“வீட்டில மனிசிக்கே சொல்லுறன். உங்களுக்குச் சொல்ல மாட்டனே?”

நாலரை ஆகிவிட்டது. இரவுச் சாப்பாட்டுக்கு அரிசி போட வேண்டும். இன்றைக்கு மட்டுமல்ல, திங்களும், செவ்வாயும், அடுத்த சனிவரைக்கும் போட வேண்டும். அதற்குப் பிறகு என்னவென்று அப்போது தெரியும். வெள்ளைச் சட்டையை மாற்றாமல் ஏப்ரனைக் கட்டினாள். முதல் தண்ணீரை உடனே ஊற்றினாள். இரண்டாவதில் அளைந்தாள். இடது கையால் கூட, வலது கையால் குறைய.

மூன்றாவது தண்ணீரைத் திறந்துவிட்டு முழங்கைக்கு மேலே சட்டையைச் சுருட்டப் போனாள். புதுச் சட்டை, கை இறுக்கம். காப்பு நூலில் தட்டி நின்றது. இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. விட்டுவிட்டாள்.

“றொய்சன் அண்ணை,” என்றாள். “தண்ணி குளிரோ எண்டு ஒருக்காப் பாருங்கோ.”

அவர் ஏன் என்று கேட்கவில்லை. எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு வந்தார். மணிக்கட்டுவரை விட்டார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

“ஓம்,” என்றார். “நல்ல குளிர்.”

அவள் அரிசியைத் தண்ணீருக்குள் சரித்தாள்.